ஷிப்டுக்கும் ஷேக்ஸ்பியருக்கும் நடுவே

2017 செப்டம்பர் 16, சனிக்கிழமை. அரசு பாலிடெக்னிக் கல்லூரிகளில் காலியாக இருந்த 1,058 விரிவுரையாளர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) நடத்திய எழுத்துத் தேர்வை ஏறத்தாழ 1.33 லட்சம் பேர் எழுதினார்கள். பொறியியல் பாடங்களோடு ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல் பாடங்களுக்கும் அன்றைக்கே தேர்வு. நவம்பரில் மதிப்பெண் வந்தது, சான்றிதழ் சரிபார்ப்புக்கும் அழைத்தார்கள். அதன் பிறகுதான் குட்டு உடைந்தது. ஓஎம்ஆர் விடைத்தாளின்படி வரவேண்டிய மதிப்பெண் ஒன்று, பட்டியலில் ஏறியிருந்த மதிப்பெண் வேறு. அப்படி 196 பேரின் மதிப்பெண்கள் திருத்தப்பட்டிருந்தன. 2018 பிப்ரவரியில் தேர்வையே ரத்து செய்தார்கள். நேர்மையாக எழுதிய லட்சத்துக்கும் மேற்பட்டோரின் உழைப்பும் அந்த 196 பேரோடு சேர்ந்தே போயிற்று.

மறு அறிவிப்பு 2019 நவம்பரில் வந்தது, 1,060 இடங்களுக்கு. அடுத்த ஆண்டு கொரோனா. ஒருவழியாக 2021 டிசம்பரில் கணினி வழியே தேர்வு நடந்து, 2022 மார்ச்சில் முடிவு வெளியானது. 2017இல் எம்.ஏ. ஆங்கிலம் முடித்த கையோடு முதல் தேர்வை எழுதியவருக்கு இதற்குள் நாலரை வருடம் ஓடியிருந்தது. ஆங்கில விரிவுரையாளர் தேர்வுக்குத் தயாராவது எப்படி என்று யாராவது கேட்டால், பாடத்திட்டத்தைச் சொல்வதற்கு முன் இந்த நாலரை வருடத்தைச் சொல்லியாக வேண்டும்.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் இருக்கிறது மணிமங்கலம். காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் வட்டம். ஏரி, வயல், கல்வெட்டுகள் நிறைந்த பழைய கோயில் எல்லாம் உள்ள ஊர். சுற்றிலும் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என்று தொழிற்பேட்டைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாயின் முதல் கார் வெளியே வந்ததிலிருந்து இந்த வட்டாரத்தின் நேரம் மாறிவிட்டது. 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர் என்று ஒரகடம் நிரம்பியது. இங்கே பல வீடுகளில் பொழுது விடிவதும் சாய்வதும் ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் கணக்கில்தான்.

எம்.ஏ. ஆங்கிலம் முடித்த ஒரு பெண்ணோ பையனோ இந்த வட்டாரத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வருகிறது. வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் 18,720 பேர் தங்கலாம். இந்தத் தொழிற்சாலைகளுக்கு எவ்வளவு ஆள் தேவைப்படுகிறது என்பதற்கு அந்த ஒரு கட்டடம் போதும். ஆக, இங்கே தேர்வுக்குப் படிப்பவருக்கு வேலை கிடைக்காதது பிரச்சினை இல்லை. கிடைத்த வேலை எட்டு மணி நேரத்தையும், போக வர இரண்டு மணி நேரத்தையும் எடுத்துக்கொண்ட பின், மிச்சமிருக்கும் தலையை வைத்துக்கொண்டு மில்டனைப் படிக்க வேண்டியிருப்பதுதான் பிரச்சினை. வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்கலாம் என்றால், அறிவிப்பு எப்போது வரும்?

அந்தக் கேள்விக்கு நம்பத்தகுந்த பதில் கடந்த பத்தாண்டுகளில் கிடைத்ததில்லை. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளின் கதை பாலிடெக்னிக் கதையைவிட நீளமானது. 2013இல் 1,093 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அடுத்த அறிவிப்பு 2019இல், 2,331 இடங்களுக்கு. எழுத்துத் தேர்வு கிடையாது, கற்பித்தல் அனுபவம், கல்வித் தகுதி, நேர்முகம் மூன்றுக்கும் சேர்த்து மதிப்பெண் என்றார்கள். விண்ணப்பங்கள் வாங்கினார்கள். அந்த நியமனம் நடக்கவே இல்லை. பிறகு எழுத்துத் தேர்வுதான் என்று கொள்கை மாறி, 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஆகஸ்ட் 4 தேர்வு என்றார்கள். அந்தத் தேதியில் தேர்வு நடக்கவில்லை. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்கு மறுபடியும் ஓர் அறிவிப்பு. அனுபவச் சான்றிதழ் சேர்ப்பதற்காகத் தனியார் கல்லூரியில் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள், நடுவழியில் விதி மாறி, எழுத்துத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்க வேண்டியதாயிற்று.

கல்லூரி ஆசிரியர் பணிக்காக மத்திய அரசு நடத்தும் 'நெட்' தகுதித் தேர்விலும் இந்த வலி இல்லாமல் இல்லை. 2024 ஜூன் 18ஆம் தேதி நாடு முழுவதும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். மறுநாளே ரத்து. வினாத்தாளின் நம்பகத்தன்மை கெட்டுப்போயிருக்கலாம் என்பது காரணம். ஆனால் ஆகஸ்ட் 21 தொடங்கி செப்டம்பர் முதல் வாரம் வரை கணினி வழியில் மறுதேர்வை நடத்தி முடித்தார்கள். இரண்டு மாத மன உளைச்சலோடு விஷயம் முடிந்தது. பாலிடெக்னிக் தேர்வர்களுக்கு அதே ரத்து மூன்று வருடத்துக்கும் மேலான காத்திருப்பாக நீண்டது. தேர்வு ரத்தாவது எங்கும் நடக்கக்கூடியது. மறுதேர்வு எத்தனை நாளில் நடக்கிறது என்பதில்தான் ஓர் அமைப்பு தன்னிடம் விண்ணப்பிப்பவர்களை எவ்வளவு மதிக்கிறது என்பது தெரியும்.

சம்பளக் கணக்கைப் பார்த்தால் இவ்வளவுக்குப் பிறகும் ஏன் காத்திருக்கிறார்கள் என்பது புரியும். அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு 57,700. மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியருக்கு 36,900. அதே அரசுக் கல்லூரியில், அதே வகுப்பில், அதே பாடத்தை எடுக்கும் கௌரவ விரிவுரையாளருக்குத் தொகுப்பூதியமாக மாதம் 25,000, அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே சொல்லிவிட்டது. உதவிப் பேராசிரியர், பாலிடெக்னிக் விரிவுரையாளர் பதவிகளுக்கு 57 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்று விதி இருப்பது பெருந்தன்மையாகத் தோன்றும். பத்து வருடம், பதினைந்து வருடம் கௌரவ விரிவுரையாளராகவே காலம் தள்ளியவர்களை நினைத்துப் பார்த்தால் அந்த 57 வேறு மாதிரி தெரிகிறது.

நாள் தெரியாத தேர்வுக்கு எப்படித்தான் படிப்பது? தேறியவர்களின் அனுபவத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. அவர்கள் ஒரு தேர்வுக்காகப் படிக்கவில்லை, பாடத்தைப் படித்தார்கள். நெட், அதன் மாநில வடிவமான செட், முதுகலை ஆசிரியருக்கான பிஜி டிஆர்பி, காலேஜ் டிஆர்பி, பாலி டிஆர்பி என்று ஐந்து கதவுகள் இருந்தாலும் ஆங்கிலப் பாடத்தின் உடம்பு ஒன்றுதான். சாசரில் தொடங்கி ஷேக்ஸ்பியர், மில்டன், ரொமான்டிக் கவிஞர்கள், விக்டோரியன் நாவல், இருபதாம் நூற்றாண்டு, அமெரிக்க இலக்கியம், இந்திய ஆங்கில எழுத்து, மொழியியல், விமர்சனம், கோட்பாடு. நெட்டில் இவற்றோடு பண்பாட்டு ஆய்வும் ஆய்வு முறையியலும் சேரும், பொதுத் தாள் ஒன்றும் உண்டு. பிஜி டிஆர்பியில் 150 மதிப்பெண்ணில் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. எந்த அறிவிப்பு முதலில் வந்தாலும் கையில் இருக்கும் நூற்றுப் பத்து அப்படியே பயன்படும்.

தகுதி விதிகளை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. பாலிடெக்னிக்குக்கு முதுகலையில் முதல் வகுப்பு வேண்டும். நெட் எழுத பொதுப் பிரிவினருக்கு 55 சதவீதம் போதும். பிஜி டிஆர்பிக்கு பி.எட். கட்டாயம். எம்.ஏ.வில் 58 சதவீதம் வாங்கியவர் பாலி டிஆர்பிக்கென்று ஒரு வருடம் படித்துவிட்டு, விண்ணப்பம் நிரப்பும்போது இதைக் கண்டுபிடிப்பது கொடுமை. 2023 ஜூலை முதல் கல்லூரி உதவிப் பேராசிரியராக நெட், செட் அல்லது ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று மானியக் குழு அறிவித்திருப்பதால், ஷிப்ட் வேலையில் இருப்பவருக்கு நெட்தான் முதல் இலக்காக இருக்க முடியும். தமிழ்நாட்டுக்கான செட் தேர்வை 2025 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியமே நடத்தியது.

பாடத்துக்கு வருவோம். ஆங்கிலத் தேர்வில் கேள்வி எடுப்பவர்களுக்குப் பிடித்தமான இடங்கள் சில உண்டு. வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து வெளியிட்ட 'லிரிக்கல் பேலட்ஸ்' 1798இல் வந்தது. புகழ்பெற்ற முன்னுரை இரண்டாம் பதிப்பில், 1800இல்தான் சேர்ந்தது. இந்த இரண்டு வருட இடைவெளியில் தடுக்கி விழுந்தவர்கள் ஏராளம். முல்க் ராஜ் ஆனந்தின் 'அன்டச்சபிள்', ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' இரண்டும் 1935. ராஜா ராவின் 'காந்தபுரா' 1938. காலவரிசைப்படுத்தச் சொன்னால் இந்த மூன்றும் ஏதாவது ஒரு வடிவில் தலைகாட்டும். சசூரின் மொழியியல் நூல் 1916இல் வெளிவந்தபோது அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மாணவர்களின் குறிப்புகளைத் திரட்டி அவருடைய சகாக்கள் தொகுத்த புத்தகம் அது. இதை வெறும் ஆண்டாக மனப்பாடம் செய்தவர் மறந்துவிடுவார். கதையாகத் தெரிந்தவர் மறக்க மாட்டார்.

கைடு புத்தகங்களும் 'மெட்டீரியல்'களும் இந்த இடத்தில்தான் கைவிடுகின்றன. நூலின் பெயர், ஆண்டு, முதல் வரி, கடைசி வரி என்று பட்டியல் போட்டுத் தரும் குறிப்புகள் பொருத்துக வகைக் கேள்விக்கு உதவும். ஒரு பத்தியைக் கொடுத்து அதன் தொனி என்ன என்று கேட்டால்? ஒரு கூற்றையும் அதற்கான காரணத்தையும் கொடுத்து இரண்டும் பொருந்துகின்றனவா என்று கேட்டால்? மூல நூலை ஒரு தடவையாவது படித்திருந்தால்தான் கை ஓடும். மூல நூல்களுக்குக் காசும் தேவையில்லை. பதிப்புரிமை முடிந்த செவ்வியல் நூல்கள் பலவும் ப்ராஜெக்ட் குட்டன்பர்க்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. மானியக் குழுவின் இ-பிஜி பாடசாலாவில் ஆங்கில இலக்கியத்துக்கென்றே பேராசிரியர்கள் எழுதிய பாடங்கள் இருக்கின்றன. கம்பெனி பஸ்ஸில் போகும் ஒரு மணி நேரத்துக்குப் போனில் ஒரு அத்தியாயம் தாராளமாக ஓடும். விடுமுறை நாளில் உட்கார்ந்து படிக்க இடம் வேண்டுமென்றால் தாம்பரத்தில் ரயில் ஏறி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போய்விடலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வ பயிலும் வட்டங்களில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி உண்டு. ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டும் முன் இவற்றைப் பார்ப்பது நல்லது.

தமிழ் வழியில் படித்து வந்த மாணவர்கள் ஆங்கில இலக்கியத்தில் தங்களை ஒரு படி கீழே வைத்துக்கொள்கிறார்கள். தேவையே இல்லை. பத்தாம் வகுப்புத் தமிழில் சீர் பிரித்து, அசை பார்த்து அலகிட்டவருக்கு ஆங்கில யாப்பு முற்றிலும் அந்நியமான வேலை அன்று. தமிழில் குறிலும் நெடிலும் ஒற்றும் கணக்கு, ஆங்கிலத்தில் அழுத்தம் கணக்கு. ஸ்பென்சரியன் ஸ்டான்சாவில் ஒன்பது அடிகள், முதல் எட்டு அடிகளுக்கு ஐந்து சீர், கடைசி அடிக்கு மட்டும் ஆறு என்று சொன்னால் தமிழ் மாணவருக்குச் சட்டென்று பிடிபடும். ஒலியியலும் அப்படியே. உதடு, பல், அண்ணம் என்று எந்த எழுத்து எங்கே பிறக்கிறது என்பதற்கு தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. அதைப் படித்தவருக்கு ஆங்கிலத்தின் 24 மெய்யொலிகளும் 20 உயிரொலிகளும் மிரட்டாது. கோட்பாடு புரியவில்லை என்பவர்களுக்குத் தமிழிலேயே வழி இருக்கிறது. தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இலேயே வந்துவிட்டது. ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை மொழிபெயர்த்த 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' 1967இல் வந்தது. பாமாவின் 'கருக்கு' 1992இல் தமிழில் வந்து, லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் 2000இல் ஆங்கிலத்துக்குப் போனது. இன்று அது ஆங்கில இலக்கியப் பாடத்திட்டங்களில் இருக்கிறது. மூலத்தைத் தமிழிலேயே படிக்க முடிகிற வாய்ப்பு டெல்லி மாணவருக்கு இல்லை, மணிமங்கலத்து மாணவருக்கு உண்டு.

தமிழைப் பற்றிப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021 டிசம்பர் 1ஆம் தேதியிட்ட அரசாணை 133, தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ் மொழித் தாளைக் கட்டாயமாக்கியது. பிஜி டிஆர்பியில் பத்தாம் வகுப்புத் தரத்தில் 50 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித் தாள். அதில் 40 சதவீதம், அதாவது 20 மதிப்பெண் வாங்காவிட்டால் பாடத்தாள் திருத்தப்படாது. 2025 அக்டோபர் 12ஆம் தேதி 1,996 இடங்களுக்கு நடந்த தேர்வில் பல்லாயிரக்கணக்கானோர் இந்தத் தாளிலேயே நின்றுவிட்டார்கள். ஆங்கிலம் எடுத்தவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து. கல்லூரியில் ஐந்து வருடம் ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகி, தமிழில் ஒரு பக்கம் எழுதுவதே நின்று போயிருக்கும். தினமும் அரை மணி நேரம் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்துக்கு ஒதுக்காதவர், ஷெல்லியைக் கரைத்துக் குடித்திருந்தாலும் பலனில்லை.

பொது அறிவுக்கான பத்து மதிப்பெண்ணை எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். கட்-ஆஃபில் அரை மதிப்பெண்ணுக்கு ஆள் மாறும் தேர்வில் அது சரியில்லை. மணிமங்கலத்துக்காரருக்கு அதில் ஒரு கேள்வி சொந்த ஊரிலேயே கிடக்கிறது. முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த போர்க்களங்களாகக் கூரம் செப்பேடு சொல்லும் மூன்று ஊர்கள் பரியலம், மணிமங்கலம், சூரமாரம். வெற்றி வாகை சூடிய பல்லவன் வாதாபி வரை போனான். ஊர்க் கோயிலில் உள்ள சோழர் கல்வெட்டுகள் கொப்பத்துப் போரின் வரலாற்றுக்கே முக்கியமான ஆதாரங்கள்.

இவ்வளவும் படித்து, தேர்வெழுதி, சான்றிதழ் சரிபார்ப்பையும் தாண்டி ஒருவர் பாலிடெக்னிக் வகுப்பறைக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பது பத்தாம் வகுப்பு முடித்து நேராக டிப்ளமோ சேர்ந்த 15, 16 வயதுப் பிள்ளைகள். பெரும்பாலோர் அரசுப் பள்ளியிலிருந்து, தமிழ் வழியில் வந்தவர்கள். மெக்கானிக்கலும் ஆட்டோமொபைலும் எலெக்ட்ரிக்கலும் படித்து முடித்ததும் அவர்களில் பலர் வரப்போவது இதே ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும்தான். ட்ரெயினியாகவோ அப்ரென்டிஸாகவோ சேரும் நாளில் இன்டர்வியூவில் தன்னைப் பற்றி நாலு வாக்கியம் பேச வேண்டும். இயந்திரத்தின் கையேட்டைப் படிக்க வேண்டும். பாதுகாப்பு அறிவிப்பு புரிய வேண்டும். ஷிப்ட் முடிவில் என்ன பழுது, எப்போது நின்றது என்று அடுத்தவருக்கு எழுதி வைக்க வேண்டும். கொரியாக்காரரோ ஜெர்மன்காரரோ கேட்கும் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் கல்லூரி தரும் ஆங்கிலம் பெரும்பாலும் முதலாண்டோடு சரி. அந்த ஒரு வருடம் முழுக்க இந்த விரிவுரையாளரின் கையில் இருக்கிறது.

அவரைத் தேர்ந்தெடுத்த வினாத்தாளோ இலக்கிய வரலாற்றையும் கோட்பாட்டையும் கேட்டது. முதல் தலைமுறை மாணவனுக்கு ஒரு வாக்கியத்தை எப்படிப் பேச வைப்பது என்று கேட்கவில்லை. கல்லூரிப் பதவிக்கான தேர்விலாவது 200 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்குப் பின் நேர்முகத்துக்கு 30 உண்டு. பாலிடெக்னிக் விண்ணப்பதாரர் கரும்பலகை முன் நின்று பத்து நிமிடம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டிய கட்டமே இல்லை. இலக்கியம் வேண்டாம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம் அன்று. நல்ல வாசகர்தான் நல்ல மொழி ஆசிரியராக முடியும். ஆனால் பிறருக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, அதற்கான திறமையையும் ஒரு பகுதியாவது சோதிக்க வேண்டும். நெட் பாடத்திட்டத்தில் மொழி கற்பித்தலுக்கும் இந்தியாவில் ஆங்கிலத்தின் வரலாற்றுக்கும் அலகுகள் இருக்கின்றன. மாநிலத் தேர்வும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வாரியத்திடம் கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஆசிரியர் தேர்வு வாரியம் ஆண்டுத் திட்ட அட்டவணை வெளியிடுகிறது. அதில் போட்ட மாதத்தில் அறிவிப்பு வருவதும், அறிவித்த தேதியில் தேர்வு நடப்பதும் இன்னும் வழக்கமாகவில்லை. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவருக்கு அடுத்த ஆண்டின் முதல்நிலைத் தேர்வு எந்த ஞாயிற்றுக்கிழமை என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அவர் அதை வைத்துக் கடன் வாங்கலாம், வேலையை விடலாம், கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம். ஒரகடத்தில் சி ஷிப்ட் பார்க்கும் எம்.ஏ. பட்டதாரிக்கும் அதே உரிமை வேண்டும். மூன்று மாதம் விடுப்பெடுத்துப் படிக்கலாமா என்று கணக்குப் போட அவருக்குத் தேவை, மாறாத ஒரு தேதி.

அதுவரை இந்த வட்டாரத்தில் கைகொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. மாலை நேரத்தில் பக்கத்து வீட்டு டிப்ளமோ மாணவர்கள் நாலு பேரைக் கூட்டி வைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது. கல்வியியல் பகுதிக்கும், மொழியியலுக்கும், கல்லூரித் தேர்வின் நேர்முகத்துக்கும் அதைவிடச் சிறந்த பயிற்சி எந்த மையத்திலும் கிடைக்காது. அந்த நாலு பேருக்கும் அடுத்த இன்டர்வியூ எந்தத் தேதியில் என்பது மட்டும் இப்போதே தெரியும்.